ஓடுபாதை ஓட்டம்

வாரத்துக்கு மூன்று விமானம்.
மற்ற நேரமெல்லாம் ஓடுபாதை எங்களுடையது.
வாலிபால் வலை, மோட்டார்சைக்கிள் பழகும் பையன்கள்,
காதலர்கள், பன்றிகள்,
வெயில் தாழ்ந்தால் முழு ஃபுனாஃபுட்டியும்.

சுற்றுலா அலுவலகம் என்பது
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான்.
போன மாதம் வேறு வேலையில்லாமல்
வெறுமனே ஊர் பார்க்க வந்தவர்களை எண்ண
என் இரண்டு கையும் ஒரு காலும் போதும்.
அதனால்தான் விளம்பரம் எழுதினேன்:
ஏழு முறை போய் ஏழு முறை திரும்பினால்
அரை மராத்தான்.
இருபுறமும் கடல் பார்த்திருக்க
ஓட வாருங்கள்.

ஊர் மண்டபத்தில் சண்டை வரும்,
பணத்தைப் பற்றி வரும் என்று நினைத்திருந்தேன்.
தண்ணீரைப் பற்றி வந்தது.
நாலு மாதமாக மழையில்லை.
தொட்டியைத் தட்டினால்
காலி வீட்டுக் கதவின் சத்தம்.
"ஓடுகிற ஆள் எவ்வளவு குடிப்பான்?" என்றாள் சிலிப்பா.
இரண்டு லிட்டர் என்றேன்.
விசிறி மட்டைகள் நின்றுவிட்டன.
"என் மூன்று பிள்ளைகளும் குளிப்பது
ஒரே வாளியில்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, "சரி, அரை வாளி" என்றாள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்றார் பாதிரியார்.

வீட்டுக்கு ஒரு பாட்டில் என்று முடிவாயிற்று.
அறுபத்தொன்று சேர்ந்தது.
சோயா சாஸ் பாட்டில், இருமல் மருந்து பாட்டில்,
ஒன்றில் தென்னங்கள்ளின் வாசம் போகவேயில்லை.
டென்மார்க்காரர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

பதிவு செய்தவர்கள் இருபத்தாறு.
வந்திறங்கியவர்கள் ஒன்பது.
விடுதியில் அறை ஐந்து.
மீதிப் பேரை
மீனைப் பங்கு போடுவதுபோல்
குரல் உயர்த்திப் பங்கு போட்டுக்கொண்டோம்.
பல்மருத்துவர் ஒருத்தி எனக்குக் கிடைத்தாள்.
முதல் நாள் இரவே
எதிர்வீட்டார் வாயைத் திறந்துகொண்டு
வரிசையில் நின்றார்கள்.

சனிக்கிழமை நாலரை மணி.
எங்கள் ஆட்கள் நூற்று நாற்பது,
பாதிப் பேர் செருப்பில்லாமல்,
பாதிப் பேர் பேசிக்கொண்டே.
தாரின் சூடு உள்ளங்காலில் ஏற ஏற
பேச்சும் குறைந்தது.

ஐந்தாவது சுற்றில் சைரன்.
அட்டவணையில் இல்லாத சைரன்.
இங்கே பிறந்த கால்
அதைக் கேட்டால் தானாக ஒதுங்கும்.
விருந்தாளிகளைக் கைபிடித்துப் புல்லுக்கு இழுத்தோம்.
வலையைச் சுருட்டினார்கள்.
நேரம் குறித்துக்கொண்டிருந்த ஃபகாய்ஃபோ
பன்றியைத் துரத்தப் போனான்.
கடிகாரத்தை எங்கே போட்டான் என்று
இன்றுவரை தெரியாது.

தெற்கிலிருந்து ஒரு சிறிய விமானம்.
மெலாலிக்கு ஏழாம் மாதம்,
உதிரம் நிற்கவில்லை என்று
பிறகுதான் தெரிந்தது.
நான் கட்டியிருந்த முடிவுக்கோட்டு ரிப்பனை
ஆம்புலன்ஸ் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனது.
யாரும் கைதட்டவில்லை.
அந்த விளக்கு மேகத்துக்குள் போகும்வரை
வியர்வை காயக் காய நின்றிருந்தோம்.
பல்மருத்துவர் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்,
நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.

எத்தனை சுற்று முடிந்தது என்று
அதன்பின் யாருக்கும் நிச்சயமில்லை.
"அவரவர் மனசாட்சி" என்றாள் சிலிப்பா.
மறுபடி ஓடினார்கள்.
சிலர் நடந்தார்கள்.
மூன்று வேன்கள் விளக்குப் போட்டு நின்றன.
யார் ஜெயித்தது என்று டென்மார்க்காரர் கேட்க,
"விமானம்" என்றது ஒரு குழந்தை.

செலவு போகக் கையில் முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அமைச்சகப் படிவத்தில்
'நிகழ்ச்சியால் விளைந்த பயன்' என்று ஒரு கட்டம்,
இரண்டு வரிக்கு இடம்.
பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு புழுக்கம்.
வழக்கம்போல் பாய்களோடு ஓடுபாதைக்கு வந்தோம்,
ஒன்பது பேரும் வந்தார்கள்.
சுவாவிலிருந்து இன்னும் செய்தி இல்லை.
தார் வெதுவெதுப்பாக முதுகைத் தாங்கியது.
தூக்கம் கண்ணைச் சுற்றும்போது
காலடிச் சத்தம்.
பெட்டி தூக்கும் தெயாகை,
படுத்திருந்தவர்களின் தலைமாட்டைப்
பார்த்துப் பார்த்துத் தாண்டிக்கொண்டு,
மூச்சோடு மூச்சாக
எண்ணிக்கொண்டே போகிறான்:
இன்னும் ஒன்று பாக்கி.