ஆமாம், இல்லை

நானூற்றுப் பதினேழாம் டிரம்மைக் காட்டி
அந்த ஹாலந்துக்காரி கேட்டாள்:
"ஹேவ்ன்ட் யூ டெஸ்டட் திஸ் ஒன்?"
"எஸ்" என்றேன்.
ஆமாம், பண்ணல என்று பொருள்.
அவள் தலையாட்டிக்கொண்டே
பச்சை மையில் ஒரு டிக் போட்டாள்.

பொய் எழுதினவள் இல்லை நான்.
மாங்கூழ் வாசம் முடியில் ஏறிய
பதினோரு சீசனில்
பிரிக்ஸ் பதினாலு என்றால் பதினாலு,
பதின்மூன்றரை என்றால் பதின்மூன்றரை,
யார் முறைத்தாலும்.

அன்றைக்குத்தான் தெரிந்தது
அவர்கள் எஸ்ஸுக்குப் பின்னால்
ஒரு இல்லை வந்து நிற்காது என்று.
கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
நடந்திருந்தால் எஸ், நடக்காவிட்டால் நோ.
அவர்கள் டிரம்முக்குப் பதில் சொல்கிறார்கள்.
நாம் கேட்டவருக்கு.

லண்டன்பேட்டையில்
ஜெராக்ஸ் கடை மாடியில் சேர்ந்தேன்,
ஏழிலிருந்து எட்டரை வரை.
இங்கிலீஷுக்கு ஏத்த ஏரியாதான் அக்கா என்று
டோல்கேட் நவாஸ் முதல் நாளே சிரித்தான்.
பர்ஹானா மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று,
எனக்கு முப்பத்தொன்பது.
போர்டில் எழுதினாள்:
டோன்ட், டிடின்ட், ஹேவ்ன்ட், வோன்ட்.

"வரல" என்ற ஒன்றை வைத்துக்கொண்டு
இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.
நேற்று வரல. பஸ் இன்னும் வரல.
உங்க சண்டைக்கெல்லாம் நான் வரல.
அவர்களுக்கு இது போதாது.
எப்போதைய வரல என்று
வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார்கள்.
டிடின்ட் என்றால் ஷட்டர் இறங்கிவிட்டது.
ஹேவ்ன்ட் என்றால் பாதிதான் இறங்கியிருக்கிறது,
குனிந்தால் நுழையலாம்.

மறுப்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.
நாம் வாக்கியம் முழுக்கச் சமைத்துப் பரிமாறிவிட்டு
கடைசியில் இல்லை என்று
இலையை எடுக்கிறோம்.

"ஐ டோன்ட் திங்க் இட் இஸ் குட்."
இதை மட்டும் மூன்று நாள் மென்றேன்.
கெட்டது கூழ்தானே,
நினைப்பு என்ன பாவம் செய்தது?
எதிரில் இருப்பவரின் பண்டத்தைக் குறை சொல்லாமல்
தன் மனசைக் குறை சொல்லிக்கொள்வது
ஒரு மரியாதை போல. இருக்கட்டும்.

வோன்ட் உடனே புரிந்தது.
"த கேட் வோன்ட் ஓப்பன்" என்றான் நவாஸ்.
எங்கள் பல்ப்பரும் அப்படித்தான்,
மழை விழுந்த காலையில்
ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.
இரும்புக்கும் பிடிவாதம் உண்டென்று
இரண்டு பாஷைக்கும் தெரிந்திருக்கிறது.

ஆடி பிறந்து
பெங்களூரா காய் வரத்துக் குறைந்த வாரம்
திம்மராயன் சார் கூப்பிட்டார்.
மேஜையில் டெஸ்ட் ரிஜிஸ்டர்.
நானூற்றுப் பதினேழுக்கு நேரே காலிக் கட்டம்.
"அந்தம்மாவே டிக் போட்டுட்டாங்க.
நீயும்தானே எஸ்னு சொன்ன.
பழைய தேதி போட்டுடு."
பேனா என் பக்கம் உருண்டு வந்தது.
வெளியே ஒரு லாரி
ரிவர்ஸில் கத்திக்கொண்டே இருந்தது.

"கையெழுத்துப் போட மாட்டியா?"

எட்டு வாரம் பழகிய நோ
நாக்கு நுனியில் தயாராக நின்றது.
ஆனால் அவர் கேட்டது தமிழில்.

"ஆமா சார்" என்றேன்.

என்ன ஆமா என்று அவர் கேட்கவில்லை.
பேனாவை எடுத்து
மூடியைத் தேடி
ரொம்ப நேரம் தேடி
சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

டிரம் மூன்றாம் குடோனில்தான் நிற்கிறது,
மேலே ஒரு பூனை படுத்திருக்கிறது.
யாரும் டெஸ்ட் பண்ணல.
எந்தப் பண்ணல என்று மிஸ் கேட்டால்
ஹேவ்ன்ட் என்றுதான் சொல்வேன்,
திங்கட்கிழமை வரைக்கும்.