அடி எண்ணுதல்

கோப்பின் முதல் தாள், தட்டச்சில்:
"இந்நகருக்கு நிலநடுக்க அபாயம் இல்லை."
"இல்லை"யை நீல மையால் வெட்டி
"குறைவு" என்று எழுதியிருக்கிறார் யாரோ.
இரண்டாயிரத்து ஐந்து, தை மாதம்.
மை பரவியிருக்கிறது; அலுவலகம் அப்போது காய்ந்திருக்காது.
ஆயிரம் மைலுக்கு அப்பால் வாய் திறந்த ஒரு பிளவு
எழுத வைத்த சொல்.
மறுகா ஒருவரும் தொடவில்லை.
இப்போது என் மேசையில்.

கல்லடியில் துளை போடுகிறோம்.
அறுபத்து மூன்றரைக் கிலோச் சுத்தியல்
தொடை உயரத்திலிருந்து விழும்.
றமீஸ் எண்ணுவான், நான் எழுதுவேன்.
ஓரடி இறங்கப் பதினெட்டு அடி.
அடுத்த துளை, வாவியோரம், நிரப்பிய வளவு:
ஓரடி இறங்க மூன்றே அடி.
"புட்டுக்குள்ள குத்தின மாதிரிக் கிடக்கு, மிஸ்."

பழைய வரைபடத்தில் இந்த இடம் கண்டல்.
நண்டுக்குப் பாரமில்லை.
இப்போது நாலு மாடி; கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடி,
சுவரில்லை, தூண்கள் மட்டும்;
உச்சியில் ஐயாயிரம் லீற்றர் தண்ணீர்.
நிலம் தன் கணக்கை மாற்றவில்லை.
அதன் தலையில் ஏற்றியது நாங்கள்.

முன்பு அதிர்ந்ததா என்று கேட்கிறது படிவம்.
விழித்திருந்தவர்கள் எழுதியவை சில.
உறங்கிய இரவுகளுக்குப் பதிவில்லை.
மறுகா, சண்டை நடந்த வருடங்கள்:
அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கினால்
நிலத்தை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.
கட்டிலுக்கடியில் புகுந்து
அடுத்ததற்குக் காத்திருந்தோம்.
அந்த வரிசையில் ஒன்றாவது
பூமியுடையதாக இருந்திருக்கலாம்.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
வெறுமையைக் கணினி பூச்சியம் என்று வாசிக்கிறது.

சேறு கழுவிக்கொண்டே றமீஸ் கேட்டான்:
"இந்தக் கட்டிடத்தில கீழ்க்கடைக்கு
அட்வான்ஸ் குடுத்திட்டன், மிஸ். போன் கடை.
எடுக்கவா, விடவா?"
"குத்தகை எவ்வளவு காலம்?"
"மூணு வருசம்."

ஐம்பது வருடத்துக்குப் பத்து வீதம் என்றால்
மூன்று வருடத்துக்கு அரை வீதத்துக்குச் சற்று மேல்.
சொன்னேன். சிரித்தான்.
"அவ்வளவுதானா!"
என் வீட்டுக் கடனில் மீதி இருபத்திரண்டு வருடம்:
நாலரை. அதைச் சொல்லவில்லை.

அந்த வீதம் பாறைக்கு, றமீஸ்.
பாறையில் யாரும் கடை போடுவதில்லை.
இங்கே பாறை எத்தனையாம் அடியில் என்று
இன்னும் எண்ணி முடியவில்லை.

"குறைவு"க்குப் பக்கத்தில்
பென்சிலால் இன்றைய திகதி மட்டும் போட்டேன்.
சொல்லுக்கு இன்னும் நாலு துளை கிடக்கிறது.
அவன் சுத்தியலைத் தூக்குகிறான்.
ஒண்டு.