பாசிட்டிவ்

இன்சல் என்றால் தீவு.
பேர்ன் நகர மேட்டில்
சுற்றிலும் தண்ணீரில்லாத இந்தத் தீவு ஆஸ்பத்திரியில்
மணிக்கணக்குக்கு மொழிபெயர்க்கிறேன்.
விதி ஒன்றுதான்: கூட்டாதே, குறைக்காதே.

செவ்வாய்க்கிழமை சதானந்தரின் முறை.
அடிநாக்கில் கட்டி. நாற்பது வருசத்துச் சிகரெட்.
'வைரஸ் நெகட்டிவ்' என்றார் டாக்டர் ஏஷ்லிமான்.
நான் வாய் திறக்க முன்னம்
'இல்லையாம்!' என்று மகள் கைகூப்பினாள்.
மருமகன் கைபேசியை எடுத்து
சூரிச்சுக்கும் ஸ்கார்பரோவுக்கும்
நல்ல சேதி தட்டத் தொடங்கிவிட்டான்.
வைரஸால் வந்ததென்றால் கதிருக்கு இளகும்,
இது லேசில் இளகாத ரகம்
என்று நான் சொல்லி முடிக்க
அவன் பெருவிரல் கண்ணாடியில் அப்படியே நின்றது.

வியாழன். அதே அறை, அதே நாற்காலிகள்.
தர்மகுலசிங்கம், தூன் நகரில் சமையற்காரர்.
சவரம் செய்கையில் கழுத்தில் தட்டுப்பட்டதாம்,
புளியங்கொட்டை அளவு.
டாக்டர் கிட்டத்தட்டச் சிரித்தார்:
'டான்சிலில் புற்றுநோய். ஆனால் வைரஸ் பாசிட்டிவ்.
அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.'
அதிர்ஷ்டத்தை அப்படியே எடுத்துத் தமிழில் வைத்தேன்.
அது அங்கேயே கிடந்தது.

பத்மாசினி கேட்டா:
'வைரஸ் எப்பிடித் தொண்டைக்குப் போனது?'

ஜெர்மனில் அதற்கொரு சொல் உண்டு,
காலைச் சாப்பாட்டு மேசையில்கூடச் சொல்லலாம்.
தமிழில் எனக்குத் தெரிந்தவை இரண்டு:
ஒன்று கழிப்பறைச் சுவரில் இருப்பது,
மற்றது அகராதியில் செத்தது.
நடுவில் எதையோ பிடித்து
மேசை விளிம்பைப் பார்த்தபடி சொன்னேன்.

'எப்ப?'
'தெரியாது. இருபது முப்பது வருசம் உறங்கிக் கிடக்கும்.
அநேகமாக எல்லாருக்கும் வந்து போவதுதான்.
சிலரில் போக மறந்துவிடும்.'

முப்பது வருசம்.
அவவின் விரல்கள் மடியில் எண்ணின:
பீல் அகதி முகாமில் அவர், ஆறு பேருக்கு ஒரு அறை;
கொழும்பு லொட்ஜில் அவ,
விசாவுக்காக இரண்டு வருசமும் நாலு மாதமும்.
அவர் சுவர்ப் படத்தில்
யாரோ ஒருவரின் குறுக்குவெட்டுத் தொண்டையைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கேள்விக்கு நான் தயாராயில்லை.
'என்னிட்டயிருந்தும் வந்திருக்கலாமோ?'

மொழிபெயர்த்தேன்.
'யா' என்றார் டாக்டர்.
அந்த யாவை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
அவர் முதல் தடவையாக அவவைத் திரும்பிப் பார்த்தார்.
நான் கைப்பைக்குள் பேனையைத் தேடினேன்.
பேனை கையில்தான் இருந்தது.

பிறகு சிகிச்சை: முகத்துக்கு அச்செடுத்த வலை,
ஏழு வாரம், முப்பத்தைந்து தடவை.
எச்சில் வற்றும். ருசி போகும்.
கொஞ்சம் திரும்பி வரும், எவ்வளவென்று சொல்ல முடியாது.
அவர் கேட்டது ஒன்றுதான்:
'உப்புப் பாக்க ஏலுமோ?'
டாக்டருக்கு விளங்கவில்லை.
இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டார்.
'உப்பை நான் பாப்பன்' என்றா பத்மாசினி,
எனக்கல்ல, டாக்டருக்கும் அல்ல.
விதிப்படி அதையும் சொல்லியிருக்க வேண்டும்.
விட்டுவிட்டேன்.

ஐம்பது நிமிசம் என்று படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
லிஃப்டுக்கு நின்றேன்.
சதானந்தரின் மருமகன், கையில் மருந்துப் பை.
மூன்றாம் மாடி வரைக்கும் பேசவில்லை.
கதவு திறக்கையில் கேட்டான்:
'அக்கா, அந்த வைரஸை
இப்ப எங்கயாவது பிடிச்சால்
மாமாவுக்கு உதவுமோ?'

இல்லை என்றேன்.
தமிழில்தான்.
அவன் இன்னும் யாரோ மொழிபெயர்ப்பார்கள் என்பதுபோல நின்றான்.