நொடிக்கு அறுபது

ரொட்டிப் பையிலிருந்து மடிக்கணினியை உருவி
கல்லாவின் மேல் வைத்தாள் ஈர்மெலி.
மூன்றாவது முறை வருகிறாள்.
டிசம்பர் ஊலுவில் பகல் மூன்று மணிக்கே இருட்டு.
அவள் தொப்பியில் பனி இன்னும் கரையவில்லை.

முதல் முறை வந்தபோது
வாய் ஓயாமல் விற்றேன்:
சட்டைப்பையில் அடங்கும் வீடியோ கேமரா,
நூற்று முப்பது யூரோ,
இரண்டு பக்கமும் மைக்,
கொசு பாடினாலும் பதிவாகும் என்றேன்.
என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள்
தன் காதைத் தொட்டுத் தலையை ஆட்டினாள்.
பிறகு சிரித்தாள். எனக்குத்தான்
காது மடல்வரை சுட்டது.

பில் தாளின் பின்பக்கம் எழுதினாள்:
"அக்காவுக்குக் கடிதம். கெமியில் இருக்கிறாள்.
அப்பாவின் படகை நான் விற்றுவிட்டேனாம்."
அதன் கீழே, அடிக்கோடிட்டு:
"கோபம் வந்தால் வேகமாகப் பேசுவேன்.
விரல் மங்கக் கூடாது."

நொடிக்கு முப்பது படமா, அறுபதா என்பது
பெட்டியின் ஓரத்தில் எறும்பெழுத்தில் இருக்கும்.
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
முப்பதில் அவள் கை ஒரு பழுப்புப் புகை.
அறுபதில்
ஐந்து விரலும் ஐந்தாக நின்றன.

அறுபதை வாங்கிப் போனாள்.
நான்காம் நாள் திரும்பி வந்தாள்.
அவளிடம் இருப்பது பழைய எடிட்டிங் மென்பொருள்,
அவள் பழக்கத்துக்குப் பழகியது.
புது கேமராவின் கோப்பை
வாசலிலேயே நிறுத்திவிட்டதாம்: இந்த வடிவம் தெரியாது.
வேறு வடிவத்துக்கு மாற்றலாமே என்று எழுதினேன்.
இரண்டு விரலைக் கத்தரியாக்கி
மறு கையின் விரல்களை ஒவ்வொன்றாக நறுக்கிக் காட்டினாள்.
புது மென்பொருள் வாங்கிக் கற்றுக்கொள்ளலாமே?
"அதற்குள் கோபம் ஆறிவிடும்."

ஆகவே இன்று கணினியையே தூக்கி வந்திருக்கிறாள்.
அலமாரியில் மிச்சமிருந்த ஐந்தையும் இறக்கினேன்.
ஒவ்வொன்றின் முன்னும் நின்று
அதே வசவை ஐந்து முறை பேசினாள்.
துடுப்பு, பூட்டு, எவனோ ஒருவனின் மீசை,
எனக்குப் புரிந்தது அவ்வளவே.
ஹெட்போன் வாங்க வந்த பையன்
வாங்காமல் நின்று பார்த்தான்.

அட்டையை உருவினோம், செருகினோம், காத்திருந்தோம்.
ஒன்று திறக்கவே இல்லை.
ஒன்று திறந்தது, தலைகீழாக.
ஒன்றில் சத்தம் அரை நொடி பின்தங்கி வந்தது;
நான் உதட்டைப் பிதுக்கினேன்,
அவள் தோளைக் குலுக்கினாள்.
நான்காவது, காட்சிக்கு வைத்த நீல நிறக் கருவி,
மூடியில் கீறல்,
மறுபேச்சில்லாமல் திறந்து
டைம்லைனில் நீளமாகப் படுத்துக்கொண்டது.
ஐந்தாவதை நாங்கள் செருகிப் பார்க்கவே இல்லை.

அவள் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது.
படத்தின் அடியில் பச்சையாய் ஒரு கோடு,
மேடும் பள்ளமுமாய்.
"இது என்ன?"

காதில் மாட்டிக் கேட்டேன். கேட்டதை எழுதினேன்:
கையும் கையும் மோதுகிற சத்தம்.
கோட்டுக் கை உரசல்.
மூச்சு, நிறைய மூச்சு.
துடுப்பு வருகிற இடத்தில்
உங்கள் தொண்டையிலிருந்து ஏதோ, சின்னதாக,
உறுமல் என்று எழுதி அடித்துவிட்டுக்
குரல் என்று எழுதினேன்.
பின்னால் நான், யாரிடமோ, பை வேண்டுமா என்கிறேன்.

நெடுநேரம் வாசித்தாள்.
பச்சைக் கோட்டைத் தேர்ந்தெடுத்தாள்,
அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள்,
எடுத்தாள். பேனாவைக் கேட்டாள்.
"அக்காவுக்கும் கேட்காது.
அவள் நாய்க்குக் கேட்கும். இருக்கட்டும்."

கீறலுக்காகப் பதினைந்து யூரோ குறைத்தேன்.
அவள் போன பிறகுதான் நினைவு வந்தது,
அந்த மாடலுக்கு பேட்டரி தனி.
தெருவுக்கு ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
இரண்டு முறை கூப்பிட்டேன், மடையன்,
பிறகு விளக்குக் கம்பத்தடியில் நின்று
இரு கையையும் தூக்கி ஆட்டினேன்.
திரும்பினாள்.
பேட்டரிக்குக் கையில் என்ன சொல் என்று
எனக்குத் தெரியவில்லை.