கோரைமேயி

ஜஹ்ராவின் கழிவுநீரை மூன்று முறை வடிகட்டி
நான்காவது முறை வெயிலிடம் விட்டுவிடும் நிலையத்தில்
எனக்கு இரவுப் பணி.
குளித்தது, அரிசி களைந்தது, ஒளு செய்தது,
ஒரு ஊர் போதுமென்று கீழே விட்ட அத்தனை நீரும்
எட்டாம் எண் குழாயில் வெளியேறி
மணலுக்கு நடுவே நாணல் வளர்க்கிறது.

அங்கேதான் அது இருக்கிறது.

மொக்லேஸ் அதை எருமைக் குட்டி என்கிறான்.
வஜீஹ் சார் அப்படியொன்று இல்லையென்கிறார்.
நான் வைத்த பெயர் கோரைமேயி.

கன்றளவு உடல்.
முறம்போல் விரிந்த குளம்பு, சேற்றில் அழுந்தாது.
முதுகில் உப்புப் பூத்திருக்கும்;
கொக்கு அமர்ந்து அதைக் கொத்தும், கண்டுகொள்ளாது.
தண்டின் அடிவெண்மையை மட்டும் கடிக்கும்.
ஒரு புதரில் ஏழெட்டு வாய், பிறகு அடுத்த புதர்.
நாணல்பூவைத் தொடாது.
ருசியில்லாமல் இருக்கலாம்;
எல்லாவற்றுக்கும் அறம் கற்பிக்க வேண்டியதில்லை.

ஐம்பதைத் தொடும் பகல்களில்
சேற்றுக்குள் முழுக்கக் கிடக்கும்.
மேலே இரண்டு குமிழிகள் வந்துவந்து உடைந்தால்
அதுதான் மூக்கு.
ஈனுவது தையில், பூநாரைகள் இறங்கும்போது.
ஒற்றைக் குட்டி.
பாலுக்கு முன்பே தாயின் முதுகை நக்கிவிடும்.

இதெல்லாம் எப்படித் தெரியுமென்றால்,
பன்னிரண்டு மணி நேர வேலை.
இரண்டு மணிக்கு மேல் எந்த மானியிலும் முள் அசையாது.

போன ஜூலையில் பம்புகளைப் பிரித்துப் போட்டார்கள்.
உதிரிபாகம் கொரியாவிலிருந்து வரவேண்டும்,
எப்போதென்று யாரும் சொல்லவில்லை.
எட்டாம் குழாய் காய்ந்தது.
நாணல் நுனியிலிருந்து பழுத்தது,
சேறு ஓடு ஓடாக வெடித்தது,
கொக்குகள் ஒவ்வொன்றாய்க் கிளம்பிப் போயின.

ஒன்பதாம் இரவு
அது வேலியருகே வந்து நின்றது.
முதுகு நெடுக வெள்ளை. பின்னால் குட்டி.
கம்பியில் மூக்கை வைத்து
உள்ளே தொட்டியில் நீர் புரளும் சத்தத்தைக் கேட்டது.
மாடென்றால் கத்தியிருக்கும்.
நாயென்றால் என்னைப் பார்த்தாவது இருக்கும்.

எழுந்து போய்ப்
புறவழி வால்வைக் கால் சுற்றுத் திறந்தேன்.
நடுநிசி தாண்டியும் கையுறைக்குள் சக்கரம் சுட்டது.
பதிவேட்டில், குறிப்பு என்றிருக்கும் கட்டத்தில்,
'எட்டாம் குழாயில் சிறு கசிவு' என்று எழுதினேன்.

காலையில் வஜீஹ் சார் அதைப் படித்தார்.
வேலியோரம் போய்
மணலில் முறம் முறமாய்ப் பதிந்திருந்ததைக் குனிந்து பார்த்தார்,
செருப்பால் ஒன்றை மட்டும் அழித்தார்.
திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.
"கசிவு பெரிதாகாமல் பார்த்துக்கொள்."

பம்புகள் இப்போது ஓடுகின்றன.
கசிவை இன்னும் யாரும் அடைக்கவில்லை.
நேற்று விடியலில் போய்ப் பார்த்தேன்,
கரையோரப் புதரில் ஒரு நாணல்பூ
பாதி கடிபட்டு, துப்பப்பட்டுக் கிடந்தது.

குட்டியாகத்தான் இருக்கும்.