மேசை எண் நாற்பத்தேழு

சர்வர் கட்டணம் முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
ரசீதின் மேல் கோப்பி-ஓ வைத்த வட்டம்.
புக்கிட் பாத்தோக் உணவங்காடி, இரவு பத்தரை.
ஹுய் மின் கணக்குப் பார்க்கிறாள்,
ஃபைருஸ் ஆறிப்போன மீ கோரெங்கைக் கிளறுகிறான்.

நாங்கள் எழுதிய நிரல்
பதினொரு நாடுகளில் ஓடுகிறதாம்.
நன்கொடை இந்த மாதம் பத்தொன்பது வெள்ளி,
அதில் ஐந்து என் தங்கை போட்டது.

நேற்று ஒரு வங்கி எழுதியிருந்தது:
'உங்கள் பிழை. உடனே சரிசெய்யவும்.'
அந்த 'உங்கள்'தான்
இதுவரை அவர்கள் எங்களுக்குத் தந்தது.

பூட்டிவிடலாமா என்றேன்.
யாரும் நிமிரவில்லை.

பச்சைச் சட்டைக்காரர் வந்தார்,
கையை எடுக்கச் சொல்லி மேசையைத் துடைத்தார்.
உட்காருவதற்கு இங்கே யாரும் காசு கேட்பதில்லை;
துடைப்பவருக்குச் சம்பளம் உண்டு,
கடைக்காரர்கள் மாதாமாதம் பங்கு போடுகிறார்கள்.

ஹுய் மின் ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதினாள்:
நிரல் இலவசம்.
நள்ளிரவில் எங்களை எழுப்பினால்
மணிக்கு இருநூறு.

வங்கிக்கு அனுப்பினோம்.
பதில் இல்லை.
ஃபைருஸ் தட்டைத் திருப்பி வைக்கப் போனான்,
பிழையை எதற்கும்
இன்றிரவே பார்த்துவிடுகிறேன் என்று
முணுமுணுத்தபடி.