டேமேஜ் நோட்டு

பத்தே முக்கால் டீக்கு மொட்டை மாடிக்கு வந்தால்
கரண்ட் கம்பியில் ஒரு கருப்புக் குருவி.
வால் நுனி பிளந்து
பாதி திறந்த கத்தரி மாதிரி.

"அதென்ன குருவிங்க?"
கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்து
"குருவிதானுங்க" என்றார்.

இருபத்திரண்டு வருசமாய் பனியன் துணியில்
ஊசித் தடம், எண்ணெய்ப் பொட்டு,
ஒற்றைக் கண்ணி நழுவிய ஓட்டை என
ஒவ்வொன்றையும் பேர் சொல்லிப் பிடிக்கிறவளுக்கு
அந்தப் பதில் பத்தவில்லை.

நாலு நாள் கழித்து
பெருமாநல்லூர் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏறியவர் சொன்னார்:
"கரிச்சானுங்க. காக்காயவே தாட்டி உட்ரும்.
சைசப் பாத்து ஏமாந்தராதீங்க."

ராத்திரி
பழைய டேமேஜ் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினேன்.
கட்டம் ஏற்கெனவே அடித்திருந்தது.
லாட்: கரிச்சான்.
அளவு: மைனா எல் என்றால் இது எம்.
கலர்: கருப்பு. வெயில் பட்டால் நீலம் கசியுது.
பீஸ்: ஒன்று.
குறை:
அங்கே பேனா கொஞ்சம் நின்றது.
கோடு இழுத்துவிட்டுப் படுத்தேன்.

பழைய இரும்புக் கடையில் முந்நூறுக்கு ஒரு பைனாகுலர்.
இடது கண்ணாடி முழுக்கப் பூஞ்சை.
ஒரு கண்ணை மூடினால் ஆச்சு.
"சம்பளம் ஏதாச்சும் தர்றாங்களா இதுக்கு?"
வீட்டுக்காரர் கேட்டார்.
ஞாயித்துக்கிழமை வண்டியில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

நஞ்சராயன் குளம். ஆறு மணி.
நெற்றியில் நாமம் இட்ட கோழிகள்
தண்ணி முழுக்க.
பத்துப் பத்தாகக் கட்டி எண்ணிய பழக்கம்,
எண்பது வரைக்கும் சரியாக வந்தது.
எண்பத்தொன்று முங்கிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து.
அதற்குள் எல்லாம் இடம் மாறி,
ஒரு பீஸும் வரிசையில் நிற்காத
இப்படியொரு சரக்கை நான் பார்த்ததில்லை.

கரையில் ஆள்காட்டி ஒன்று
என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது.
அதனிடமும் ஒரு நோட்டு இருந்தால்
அன்றைக்கு என் பேரில்
குறைக் கட்டம் நிரம்பியிருக்கும்.

மார்ச் மாதம்
கம்பெனிக் காம்பவுண்டை ஒட்டிய எலுமிச்சையில்
தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருந்தது.
நூல் எங்கள் கழிவு நூல்.
லாட்டுக்கூடச் சொல்வேன்:
நவம்பர் ஆர்டர், கிளிப்பச்சை, மிச்சம்.
இஞ்சுக்கு எத்தனை தையல் என்று
விரல் நீட்டப் போனேன்.
துளசிமணி கையைப் பிடித்து இழுத்தாள்.
"அக்கா, அது ஒண்ணும் உங்க கிட்ட
பாஸ் பண்ணச் சொல்லிக் கேக்கல."

ஒரு தடவை தப்பும் நடந்தது.
ஜன்னலோரம் பஞ்சுருட்டான் கூட்டம்
கிர்ரென்று பேசிக்கொண்டு போக,
லைட் மேசையில் ஒரு பீஸ் பார்க்காமலே தாண்டிவிட்டது.
மேனேஜர் பொழுதோட வரைக்கும் திட்டினார்.
இப்போது அது எந்த நாட்டில்
யார் முதுகில் இருக்கிறதோ,
இடது தோளில் ஒரு கண்ணி ஓட்டையோடு.
காத்து வரட்டும்.

டீ நேரத்துக்கு இப்போது மூணு பேர் மேலே வருகிறோம்.
சென்னியப்பன் கம்பியைப் பார்த்து
"உங்காளு வந்தாச்சுங்க" என்கிறார்.
கரிச்சான் என்று சொல்ல
இன்னும் அவருக்கு வாய் வரவில்லை.

நேற்று பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால்
காலி மனையில் புழுதி நிறத்தில் ஒன்று.
நகர்ந்தபோதுதான் அது மண்ணில்லை என்று தெரிந்தது.
கண் மேலே மஞ்சளாக ஒரு கோடு
இருந்ததா, வெயிலா.

லாட்: தெரியல.
அளவு: எஸ்.
கலர்: மண்.
பீஸ்: ஒன்று. பக்கத்தில் இன்னொன்றும் இருக்கலாம்.
குறை: ஏழு ஐம்பது பஸ் வந்துவிட்டது.